துப்பாக்கி கவுன்டரில் நிற்க மனம் ஒப்பவில்லை: வேலையை விட்டுவிடலாமா?

டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கும் வாசகி ஒருவர் ஆறு பக்கங்களில் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தைத் தருகிறேன். வட ஆற்காட்டுப் பகுதியில் ஒரு தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்தவர். கணவரைச் சார்ந்து ஹெச்-4 விசாவில் வந்து, வேலை அனுமதி கிடைத்ததும், பல மாநிலங்களில் கிளைகள் வைத்திருக்கும் ஒரு விளையாட்டுப் பொருள் கடையில் காலணிப் பிரிவில் விற்பனையாளராகச் சேர்ந்தார். குடும்பத்துக்கு கிரீன் கார்டு வந்த பிறகு, ஆள் போதவில்லை என்று சொல்லி நிர்வாகம் அவரை வேட்டைப் பிரிவுக்கு மாற்றிவிட்டது. ரைஃபிளும் ஷாட்கன்னும் விற்கும் கவுன்டர் அது. வாடிக்கையாளரிடம் 4473 என்ற கூட்டரசுப் படிவத்தை நிரப்பி வாங்குவது, எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனைக்கு விவரங்களை அனுப்புவது, பதில் வந்ததும் பூட்டைத் திறந்து ஆயுதத்தை எடுத்துக் கொடுப்பது ஆகியவைதான் இப்போது அவர் வேலை.

மூன்று விஷயங்கள் அவரை உறங்கவிடவில்லை. 18 வயது நிரம்பிய பையன்களுக்குக் கடை ரைஃபிள் விற்கிறது. பின்னணிச் சோதனையில் முடிவு வராமல் தாமதமானால், மூன்று வேலை நாட்கள் காத்திருந்துவிட்டு ஆயுதத்தைக் கொடுத்துவிடுவது கடையின் வழக்கம். மூன்றாவது, ஒரு சனிக்கிழமை நடந்தது. இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். ஒருவன் ரைஃபிளைத் தோளில் பொருத்திப் பார்த்துத் தேர்ந்தெடுத்தான், பணத்தை எண்ணி மற்றவன் கையில் கொடுத்தான். துப்பாக்கியை ஏறெடுத்தும் பார்க்காத அந்த மற்றவன்தான் படிவத்தை நிரப்பினான். இவர் மேலாளரிடம் சொன்னார். "தனக்காக வாங்குவதாகத்தானே டிக் அடித்திருக்கிறான், நமக்கென்ன" என்று மேலாளரே விற்பனையை முடித்துவிட்டார். அடுத்த வாரமே கடையின் கொள்கையைக் கண்டித்து ஒரு கடிதம் கொடுத்துவிட்டு விலகப்போகிறார் நம் வாசகி. மனசாட்சிக்காக விலகுவதால் வேலையிழப்புப் படி கிடைக்கும் என்று நம்புகிறார். கருத்துரிமையின் கீழ் வழக்குப் போடலாமா என்றும், இந்த வேலையைப் பார்த்தது பின்னாளில் குடியுரிமைக்குத் தடையாகுமா என்றும் கேட்கிறார். கணவர் ஒப்பந்த வேலையில் இருப்பதால் குடும்பத்தின் மருத்துவக் காப்பீடு இவர் பெயரில்தான் இருக்கிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஐந்தரைப் பக்கம் உவால்டி பள்ளிப் படுகொலையைப் பற்றியும், அரசியல்வாதிகளைப் பற்றியும், கடையின் பேராசையைப் பற்றியும் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், போகிறபோக்கில், இப்படி ஒரு வாக்கியம் வருகிறது: "விளக்கில் பூச்சி விழுமே என்று பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கும் வீட்டில் வளர்ந்த நான், உயிரைக் கொல்வதற்கென்றே செய்த பொருளை என் கையால் எடுத்துக் கொடுக்கிறேன்." தொழிலாளர் வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞராக நான் அடிக்கோடிட்டது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். மற்றவையெல்லாம் நியாயமான கோபம். ஆனால் சட்டத்தின் முன் அவற்றுக்கு அநேகமாக எடை இல்லை. நீங்கள் எழுதப்போகும் கடிதத்தில் எது முன்னால் வருகிறது, எது பின்னால் போகிறது என்பதைப் பொறுத்து உங்கள் நிலைமை வெகுவாக மாறிவிடும். ஆகவே அடுத்த வாரம் கொடுக்க நினைத்திருக்கும் கடிதத்தைத் தயவுசெய்து கொடுக்க வேண்டாம்.

கொள்கை தவறென்பது மட்டும் போதாது

டெக்சாஸில் தனியார் வேலை என்பது இருதரப்பின் விருப்பம் உள்ளவரைதான். முதலாளி காரணம் சொல்லாமலே நீக்கலாம், நீங்களும் காரணம் சொல்லாமலே விலகலாம். அரசமைப்பின் முதல் திருத்தம் தரும் கருத்துரிமை அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்துமே தவிர, ஒரு தனியார் கடையை அல்ல. எனவே அந்த வழியில் வழக்குக்கு இடமில்லை. நம்மவர்களில் பலர் இதைத் தவறாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் அப்படித்தான்.

கடையின் கொள்கையைத் தனியே எடுத்துப் பார்த்தால், 18 வயதானவருக்கு ரைஃபிள் விற்பதை 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது. 2022 மே 24 அன்று உவால்டி பள்ளியில் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்றவன், 18 வயது நிரம்பிய கையோடு சட்டப்படிதான் ரைஃபிள்களை வாங்கியிருந்தான். உங்கள் மனம் ஏன் கொதிக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் சட்டம் அனுமதிக்கும் ஒன்றைக் கடை செய்வதால் மட்டும், அந்தக் கடையின் ஊழியருக்குப் புதிதாக ஓர் உரிமை பிறந்துவிடாது. பார்க்லாந்து பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்ட இரண்டு வாரங்களில், 2018 பிப்ரவரி 28 அன்று, டிக்ஸ் ஸ்போர்ட்டிங் கூட்ஸ் நிறுவனம் துப்பாக்கி வாங்கும் வயதை 21 ஆக உயர்த்தியது. ராணுவ பாணி ரைஃபிள்களையும் தன் கடைகளிலிருந்து அகற்றியது. வால்மார்ட்டும் அதே நாளில் வயது வரம்பை உயர்த்தியது. 2019 ஆகஸ்டில் எல் பாசோவில் தன் கடையிலேயே படுகொலை நடந்த பிறகு, கைத்துப்பாக்கித் தோட்டாக்களின் விற்பனையையும் நிறுத்துவதாக வால்மார்ட் அறிவித்தது. எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தி அவர்கள் இவற்றைச் செய்யவில்லை. டிக்ஸ் அப்படிச் செய்தபோது, அதை எதிர்த்து வேலையை விட்ட ஊழியர்களும் உண்டு. அவர்களில் ஒருவர் எனக்கு எழுதியிருந்தாலும் மேலே சொன்ன பதிலைத்தான் எழுதியிருப்பேன்.

மூன்று நாள் விஷயத்தில் ஒரு திருத்தம். 1993ஆம் ஆண்டின் பிரேடி சட்டப்படி, சோதனைக்கு அனுப்பினால் 'ப்ரொசீட்' (கொடுக்கலாம்), 'டினைடு' (மறுப்பு), 'டிலேய்டு' (தாமதம்) என்ற மூன்றில் ஒன்று பதிலாக வரும். 'டிலேய்டு' என்று வந்து, மூன்று வேலை நாட்களுக்குள் இறுதி முடிவு வராவிட்டால் விற்பவர் ஆயுதத்தைக் கொடுக்கலாம். கொடுத்தே ஆகவேண்டும் என்பதில்லை. 2015 ஜூனில் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் 9 பேரைக் கொன்றவன் கைக்குத் துப்பாக்கி போனது இந்த வழியில்தான். முடிவு வராமல் கொடுப்பதில்லை என்பதை வால்மார்ட் தன் விதியாகவே வைத்திருக்கிறது. உங்கள் கடை வைத்திருக்கவில்லை. ஆனால், "வியாழக்கிழமை விண்ணப்பித்தால் ஞாயிற்றுக்கிழமை கொடுத்துவிடுகிறார்கள்" என்று நீங்கள் எழுதியிருப்பது உண்மையென்றால் அது கொள்கையல்ல, சட்டமீறல். விண்ணப்பித்த நாளையும் அரசு அலுவலகங்கள் மூடியிருக்கும் நாட்களையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. வெள்ளி, திங்கள், செவ்வாய் கழிந்து புதன்கிழமைதான் கொடுக்க முடியும். வாங்குபவர் 21 வயதுக்கு உட்பட்டவராக இருந்து, இளமைக்காலப் பதிவுகளில் மேலும் விசாரிக்கவேண்டிய ஏதாவது தென்பட்டால், 2022ஆம் ஆண்டின் சட்டப்படி காத்திருப்பு 10 வேலை நாட்கள் வரை நீளும். நீங்கள் பார்த்த விற்பனைகளில் இந்தக் கணக்கு எப்படி இருந்தது என்று நிதானமாக நினைவுபடுத்திப் பாருங்கள்.

அந்தச் சனிக்கிழமை நடந்தது

உங்கள் மூன்று குறைகளில் சட்டம் முழுமையாக உங்கள் பக்கம் நிற்பது இதில்தான். வேறொருவருடைய பணத்தில், வேறொருவருக்காக, தனக்கென்று பொய் சொல்லி வாங்குவது கூட்டரசுக் குற்றம். கடைக்காரர்கள் இதை 'ஸ்ட்ரா பர்ச்சேஸ்' என்பார்கள். உண்மையில் வாங்குபவர் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதி உள்ளவராக இருந்தாலும் இது குற்றமே என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் முன்னாள் காவலர் ஒருவர் தன் மாமாவுக்காக வாங்கியிருந்தார், மாமாவுக்கும் எந்தத் தடையும் இல்லை. உண்மையில் வாங்குபவர் துப்பாக்கி வைத்திருக்கத் தடைசெய்யப்பட்டவர் என்றோ, அதைக் குற்றத்துக்குப் பயன்படுத்தப்போகிறவர் என்றோ தெரிந்தே வாங்கித் தந்தால், 2022 சட்டம் 15 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. 4473 படிவத்தின் இறுதியில் விற்பவரும் கையெழுத்திடுகிறார் அல்லவா? ஆயுதத்தைக் கொடுப்பது சட்டவிரோதமல்ல என்று தான் நம்புவதாக உறுதிகூறும் கையெழுத்து அது. தெரிந்தே அதில் கையெழுத்துப் போட்டால், "மேலாளர் சொன்னார்" என்பது உங்களைக் காப்பாற்றாது.

மறுப்பதற்கு டெக்சாஸ் சட்டம் ஒரு பாதுகாப்பு தருகிறது. கப்பலின் அடித்தளத்தில் தேங்கும் கழிவுநீரைக் கடலில் இறைத்துவிடும்படி உத்தரவு வந்தபோது, அது குற்றம் என்று கப்பலிலேயே எழுதி ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டு, கடலோரக் காவல்படைக்கும் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொண்டு, மாட்டேன் என்று மறுத்த ஒரு கப்பல் தொழிலாளியின் வழக்கு அது. தண்டனைக்குரிய குற்றத்தைச் செய்ய மறுத்தார் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை நீக்கினால் அவர் வழக்குத் தொடரலாம் என்று 1985இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் இந்தப் பாதுகாப்பு மிகக் குறுகியது. நீங்கள் மறுத்திருக்க வேண்டும். அதற்காகவே, அது ஒன்றுக்காகவே, நீக்கப்பட்டிருக்க வேண்டும். நீங்களாக விலகிவிட்டால் இந்தக் கதவு அநேகமாக மூடிவிடும்.

எனவே அதுபோல மறுபடி நடந்தால், "இந்த விற்பனை இன்னொருவருக்காக என்று நினைக்கிறேன், நான் கையெழுத்திட மாட்டேன்" என்று மேலாளரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். அன்றிரவே தேதி, நேரம், யார் என்ன சொன்னார்கள் என்பதை வீட்டிலுள்ள ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஏற்கெனவே நடந்ததை நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கோ, துப்பாக்கி உரிமங்களைக் கண்காணிக்கும் ஏ.டி.எஃப். அமைப்புக்கோ தெரிவிக்கலாம். ஒரு எச்சரிக்கை: சான்றாக இருக்கட்டுமே என்று படிவங்களைப் போனில் படமெடுக்க வேண்டாம். அவற்றில் வாடிக்கையாளரின் தனிப்பட்ட விவரங்கள் இருக்கின்றன. அதையே காரணமாக்கி உங்களை வெளியேற்றுவது கடைக்கு மிகச் சுலபம்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த வாக்கியம்

1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தில் ஏழாம் பகுதி, 15 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் நிறுவனம் எதுவாக இருந்தாலும், ஊழியரின் மத நம்பிக்கையோடு மோதும் பணியில் அவருக்கு மாற்று ஏற்பாடு செய்துதர வேண்டும் என்கிறது. மதத்துக்கு இணையான ஆழத்தோடு ஒருவர் பற்றிக்கொண்டிருக்கும் அறநம்பிக்கையும் இதில் அடங்கும். அரசியல் கருத்து அடங்காது. முன்பெல்லாம் சிறு செலவைக் காட்டியே முதலாளிகள் தட்டிக்கழித்தார்கள். ஒரு அஞ்சல் ஊழியரின் ஞாயிற்றுக்கிழமைப் பணி தொடர்பாக 2023 ஜூனில் வந்த குரோஃப் வழக்கின் தீர்ப்புக்குப் பிறகு, மாற்று ஏற்பாட்டால் தொழிலுக்குக் கணிசமான சுமை ஏற்படும் என்று முதலாளிதான் காட்ட வேண்டும். காலணி, உடை, உடற்பயிற்சிக் கருவி என்று பல பிரிவுகள் உள்ள ஒரு பெரிய கடை, முன்பு காலணிப் பிரிவில் நன்றாக வேலைசெய்த ஒருவரை அங்கேயே திரும்ப அனுப்புவது பெரும் சுமை என்று வாதிடுவது எளிதல்ல.

ஆகவே விலகல் கடிதத்துக்குப் பதிலாக ஒரு கோரிக்கைக் கடிதம் கொடுங்கள். நான் சமண சமயத்தவள், கொல்லாமை என் விரதம், கொலைக்கருவியைப் பிறர் கையில் கொடுப்பது எனக்கு விலக்கப்பட்டது, ஆகவே வேறு பிரிவில் பணி தரவேண்டும் என்று நான்கைந்து வரிகள் போதும். அரசியலை ஒரு சொல்கூடச் சேர்க்காதீர்கள். ஆங்கிலத்தில், மின்னஞ்சலில், மனிதவளப் பிரிவுக்கு நகலோடு அனுப்புங்கள். இப்படிக் கேட்டதற்காக உங்களைப் பழிவாங்குவதும் சட்டவிரோதம். மறுத்தால், அந்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் டெக்சாஸ் தொழிலாளர் ஆணையத்திலோ, 300 நாட்களுக்குள் கூட்டரசின் சமவாய்ப்பு ஆணையத்திலோ புகார் பதிய வேண்டும். அதைக் கடந்துவிட்டால் எவ்வளவு நல்ல வழக்கானாலும் கைவிட்டுப்போகும்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இது உண்மையான நம்பிக்கையா, கோபத்துக்குக் கிடைத்த சௌகரியமான பெயரா? நீங்கள் எழுதியதைப் படிக்கும்போது உண்மை என்றே எனக்குப் படுகிறது. ஆனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என்னைப்போல இரக்கத்தோடு படிக்க மாட்டார். அதே பிரிவில்தான் தூண்டில் முள்ளும் விற்கிறது, அதை இத்தனை மாதம் சலிக்காமல் விற்றீர்களே என்று கேட்பார். "எங்கள் சங்கத்து நண்பர் ஒருவர், விற்பது வேறு கொல்வது வேறு, இதில் பாவமில்லை என்று சொல்கிறார்" என நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதையும் எடுத்துப் போடுவார். இரண்டுக்கும் பதில் 1981ஆம் ஆண்டின் தாமஸ் வழக்கில் இருக்கிறது.

இந்தியானா மாநிலத்தில் ஒரு உருக்காலையில் எஃகுத் தகடு வேலை பார்த்துவந்த தாமஸ், யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்தவர். அவருடைய பிரிவு மூடப்பட்டு, ராணுவ டாங்குகளுக்குச் சுழல்கூண்டு செய்யும் பிரிவுக்கு மாற்றப்பட்டார். மற்றப் பிரிவுகளும் ஆயுத வேலையாகவே இருந்ததால், ஆட்குறைப்பில் தன்னைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டார், கிடைக்கவில்லை, விலகினார். மாநிலம் வேலையிழப்புப் படியை மறுத்தது. அதே சபையைச் சேர்ந்த சக தொழிலாளி அந்த வேலையில் தவறில்லை என்று சொன்னதும், ஆயுதத்துக்குப் போகக்கூடிய எஃகைச் செய்ய தாமஸுக்கே ஆட்சேபம் இருக்கவில்லை என்பதும் அவருக்கு எதிராகப் பேசப்பட்டன. உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்ற பெரும்பான்மையில் இரண்டையும் தள்ளிவிட்டது. அவர் ஒரு கோட்டைக் கிழித்துக்கொண்டார், அந்தக் கோடு சரியான இடத்தில் இருக்கிறதா என்று சொல்வது எங்கள் வேலையல்ல, சபையில் எல்லோரும் ஒரே மாதிரி நம்பவேண்டும் என்பதும் இல்லை என்று கூறி, மாநிலத்தின் மறுப்பு மதச் சுதந்திரத்தை மீறுவதாகத் தீர்ப்பளித்தது. நீங்கள் எந்தப் பிரிவில் சேர்க்கப்பட்டீர்கள், எங்கே மாற்றப்பட்டீர்கள், என்ன கேட்டீர்கள் என்பவற்றை அந்த வழக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்களிடம் இன்னும் இல்லாதது 'கேட்டீர்கள்' என்பது ஒன்றுதான்.

விலகவே நேர்ந்தால்

டெக்சாஸில் தாமாக விலகியவர், வேலையோடு தொடர்புடைய தக்க காரணம் இருந்ததாகத் தாமே நிரூபித்தால்தான் வேலையிழப்புப் படி கிடைக்கும். விலகுமுன் குறையைத் தீர்த்துக்கொள்ள முதலாளிக்கு வாய்ப்புக் கொடுத்தீர்களா என்பதையும் ஆணையம் பார்க்கும். "கொள்கை பிடிக்கவில்லை" என்று எழுதிக்கொடுத்து நாளையே வெளியேறினால் கிடைக்காது என்றே எதிர்பாருங்கள். மாற்றம் கேட்டு, மறுக்கப்பட்டு, நம்பிக்கையின் காரணமாக விலகினால் தாமஸ் வழக்கு துணைக்கு வரும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் மேல்முறையீட்டுக்கு 14 நாட்கள்தான் அவகாசம். கடைசிச் சம்பளம், நீங்களாக விலகினால், அடுத்த வழக்கமான சம்பள நாளில் வரவேண்டும்.

காப்பீட்டைப் பற்றி நீங்கள் பயந்திருக்கும் அளவுக்குப் பயப்பட வேண்டாம். விலகினாலும், கோப்ரா சட்டத்தின்படி அதே காப்பீட்டை 18 மாதம் வரை தொடரலாம். ஆனால் முழுத் தவணையும் உங்கள் தலையில் விழும், அது கனமான தொகை. அரசின் காப்பீட்டுச் சந்தையில் 60 நாட்களுக்குள் புதிய திட்டத்தில் சேரவும் உங்களுக்கு உரிமை உண்டு. கணவரும் நீங்களும் உட்கார்ந்து இரண்டின் மாதத் தவணையையும் எழுதிப் பார்த்துவிட்டு விலகும் தேதியைக் குறியுங்கள்.

குடியுரிமைக்கு வருவோம். என்-400 விண்ணப்பத்தில் கடந்த 5 ஆண்டு வேலை விவரத்தைக் கேட்பார்கள். உரிமம் பெற்ற கடையில் சட்டப்படி விற்றதாக எழுதுவதில் எந்த வில்லங்கமும் இல்லை. ஆயுதம் விற்றது, கொடுத்தது பற்றித் தனிக் கேள்வி ஒன்றும் இருக்கும். அதை அவசரத்தில் டிக் அடிக்காமல், நீங்கள் விண்ணப்பிக்கும் காலத்தில் எந்த வாசகம் இருக்கிறதோ அதைச் சொல்லுக்குச் சொல் படித்து உண்மையைப் பதிலாகத் தாருங்கள். தேவைப்பட்டால் ஒரு வரி விளக்கம் சேருங்கள். சிக்கல் வருமானால் அந்தச் சனிக்கிழமை போன்ற ஒரு படிவத்தில் உங்கள் கையெழுத்து இருப்பதால்தான் வரும். வேலையிழப்புப் படி பெறுவதும் குடியுரிமைக்குக் குறுக்கே நிற்காது. அது காப்பீட்டுத் திட்டம், அரசு உதவித்தொகை அல்ல.

இதைப் படிக்கும் ஹெச்-4 வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. தற்காலிக விசாவில் உள்ளவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கியை வைத்திருப்பதையே கூட்டரசுச் சட்டம் தடைசெய்கிறது. வேலை நேரத்தில் கையில் எடுப்பதும் இதில் சிக்கிக்கொள்ளக்கூடும். வேலை அனுமதி அட்டை இருக்கிறதே என்று அந்த கவுன்டரில் நிற்க ஒப்புக்கொள்ளாதீர்கள். முதலில் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

சகோதரி, கோரிக்கைக் கடிதம் போனபின் இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். அதுவரை கவுன்டரில் நிற்க முடியாவிட்டால், சேர்ந்திருக்கும் விடுப்பை எடுத்துக்கொள்ளலாம், அல்லது ஆயுதம் எடுத்துக் கொடுக்கும் நேரத்தில் மட்டும் சக ஊழியரை அழைக்க அனுமதி கேட்கலாம். இதையும் எழுத்தில் கேளுங்கள். மறுப்பு வந்தால் என்னிடமோ உங்கள் ஊரிலுள்ள வேறொரு தொழிலாளர் வழக்கறிஞரிடமோ அந்த மின்னஞ்சலைக் காட்டிவிட்டு விலகுங்கள். அப்போது தரும் விலகல் கடிதத்தில் மூன்று செய்திகள் மட்டும் இருக்கட்டும்: மத நம்பிக்கையின் காரணமாக இந்தத் தேதியில் மாற்றம் கேட்டேன், இந்தத் தேதியில் மறுக்கப்பட்டது, ஆகவே இந்தத் தேதியோடு விலகுகிறேன். உவால்டியைப் பற்றி எழுதிவைத்திருக்கும் ஐந்தரைப் பக்கத்தை உங்கள் மாநில சட்டமன்ற உறுப்பினருக்கு அனுப்புங்கள். அது போகவேண்டிய முகவரி அதுதான்.